ஆறு கிழமை சொன்ன ‘இருங்கோ’

என் வீட்டுக்காரருக்கு உல்லாசக் கப்பலில் வேலை. கப்டன் வேலை என்று அயலில் சிலர் நம்பிக்கொண்டிருந்தார்கள். நானும் அவசரப்பட்டுத் திருத்தவில்லை. உண்மையில் இவர் பயணிகளின் அறைகளைத் துப்புரவாக்கிக் கட்டில் விரிக்கிறவர். வருடத்தில் பத்து மாதம் கடலில். மிச்சம் திருகோணமலையில், உள்துறைமுகம் தெரிகிற எங்கள் வாடகை மேல்வீட்டில்.

தொலைபேசி எடுத்தால் மனுசன் என்னைப் பற்றிக் கேட்பதைவிடப் பல்கனிகளைப் பற்றிச் சொல்வதுதான் கூட. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பல்கனியாம். அதில் இரண்டு கதிரை, நடுவில் சின்ன மேசை. கதிரைகளை நேரே கடலைப் பார்த்துப் போடக்கூடாதாம். ஒன்றையொன்று கொஞ்சம் பார்த்தமாதிரித் திருப்பவேண்டும். அப்போதுதான் கழுத்து நோகாமல் கடலையும் பார்க்கலாம், கூட இருக்கிறவரின் முகத்தையும் பார்க்கலாம். முதுகு இவ்வளவு சரியவேண்டும், கைபிடியில் ஒரு கோப்பை வைக்க இடம் வேண்டும் என்று ஒரே கதிரைப் புராணம்.

“நீங்கள் ஒருக்காலாவது அதில இருந்து பார்த்தனீங்களோ?” என்று கேட்டேன்.

“விசரே உமக்கு? கண்டால் வேலை போயிரும்.”

எனக்கு அது பொறுக்கவில்லை. ஊரார் முதுகுக்கெல்லாம் மெத்தை தட்டிப் போடுகிற மனுசன் தான் ஒரு தடவை சாய்ந்து இருக்கவேண்டாமா? தச்சுவேலைக்கார ஓடாவியாரைப் பிடித்து, இவர் சொன்ன அளவிலேயே இரண்டு கதிரை செய்வித்தேன். “பிள்ளை, இது இருக்கிறதுக்கோ, படுக்கிறதுக்கோ?” என்று ஓடாவியார் சிரித்தார். இலவம்பஞ்சு அடைத்து மெத்தையும் தைத்தேன். சண்டைக் காலம், துறைமுகத்தை வேவு பார்க்கிறோம் என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் மேல்வீட்டுக்காரர் எவரும் பல்கனியில் கனநேரம் நிற்பதில்லை. நான் கதிரைகளைப் போட்டேன். எனக்குக் கொழுப்புத்தான்.

இவர் விடுமுறையில் வந்தார். கதிரைகளைத் தடவிப் பார்த்தார், வாயெல்லாம் பல். உடனே குனிந்து ஒன்றை நாலு விரல் அளவு திருப்பி வைத்தார்.

“வாங்கோ, இஞ்ச என்ரை பக்கத்தில இருங்கோ,” என்றேன்.

சிரிப்பு நின்றுவிட்டது. “பார்ப்பம்,” என்று தேத்தண்ணி வைக்கக் குசினிக்குள் போனார்.

அதிலிருந்து தினமும் இதே கூத்து. காலையில் எழும்பி மெத்தைகளைத் தட்டுவார், கைபிடியில் படிந்த உப்பைத் துடைப்பார், இரண்டு அடி பின்னால் போய் நின்று சரிபார்ப்பார். நான் இருந்தால் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்று, “தேத்தண்ணி வேணுமோ?” என்பார். “ஒண்டும் வேண்டாம், நீங்கள் இருங்கோ, அது போதும்,” என்றால் முகம் சுண்டிவிடும். ஒருநாள், “நினைச்சவுடன இருக்க ஏலுமோ? கொம்பனிக்கு என்ன சொல்லுறது?” என்றார். கொம்பனியா வந்து எங்கள் பல்கனியை எட்டிப் பார்க்கப் போகிறது என்று நான் பொரிந்து தள்ளினேன். பழக்கதோஷம் என்றுதான் நினைத்தேன். கோபத்தோடு பாவமாகவும் இருந்தது. இரவில் இவர் பக்கத்தில் படுத்திருக்கும்போதுகூட யாரோ ஒரு பயணிக்காகக் காத்து நிற்கிறார்போல் தோன்றும்.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம், அப்படியே போனது. போவதற்கு மூன்று நாள் இருக்க, ஒரு மத்தியானம் கடற்படைக்காரன் ஒருவன் கதவைத் தட்டினான். நான் நினைத்ததுபோலவே பல்கனிச் சமாசாரம். அடையாள அட்டைகளைப் பார்த்தான், இவரிடம் சிங்களத்தில் கேள்வி கேட்டபடி பல்கனிக்குப் போனான். கதிரைகளைத் துறைமுகத்துக்கு முதுகுகாட்டித் திருப்பச் சொன்னான். திருப்பினோம். அதோடு போய்விடுவான் என்று பார்த்தால், “அம்மே” என்று முனகிக்கொண்டு ஒரு கதிரையில் விழுந்தான். வெயிலில் அலைந்த களை. இவருக்குக் கைகால் தானாகவே ஓடியது. தட்டத்தில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டி, கப்பலில் நிற்பதுபோலவே நின்றார். அவன் தண்ணீரைக் குடித்துவிட்டு மற்றக் கதிரையைக் காட்டி, “வாடிவென்ன,” என்றான். உட்காரச் சொல்கிற சிங்களம்.

இவர் பொத்தென்று உட்கார்ந்தார்.

எனக்குக் கோபம் உச்சியில் ஏறியது. அவன் படியிறங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

“ஆறு கிழமையா நான் இருங்கோ இருங்கோ எண்டு தொண்டை கிழியக் கத்தினன். அவன் ஒருக்காச் சொன்னவுடன இருக்கிறியள், என்ன?”

இவர் திகைத்துப்போய் எழும்பினார். “அவன் கதிரையில இருக்கச் சொன்னவன்.”

“நான் என்ன கூரையிலயோ இருக்கச் சொன்னனான்?”

“நீர் போகாமல் இருக்கச் சொல்லுறீர் எண்டெல்லோ நினைச்சனான். கதிரை செய்வித்ததே என்னை மறிக்கத்தான் எண்டு. ஒவ்வொருக்காலும் நெஞ்சு திக்கெண்டும். ஏலாது எண்டு உம்மட முகத்தைப் பார்த்துச் சொல்ல வராமல்தான் குசினிக்குள்ள ஓடினனான்.” பிறகு கேட்டார்: “கதிரையில இருக்கத்தான் கேட்டனீரோ?”

எங்களுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். கதிரையில் இருப்பதும் இருப்பது, பெண்சாதியோடு ஊரில் இருப்பதும் இருப்பது. நான் எதைக் கேட்டேன் என்று எனக்கே அந்த நிமிஷம்வரை தெரியாது. இவர் கேட்டபிறகு தெரிந்தது. இரண்டையும்தான்.

இவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். போகாதேங்கோ என்று ஒரு சொல் சொன்னால் போகமாட்டார். அந்தக் கிழமைதான் பக்கத்து ஒழுங்கையில் ஒருவரை விசாரிக்க என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்; அவருடைய மனைவி வாசலிலேயே நின்றபடி நின்றாள். கடலில் என்றால் இவர் உயிரோடாவது இருப்பார்.

“கதிரையிலதான்,” என்றேன். “வேற என்னத்தைக் கேட்டனான்?”

இவர் பெரிதாக மூச்சு விட்டார். பிறகு வந்து என் பக்கத்தில் சாய்ந்து இருந்தார். போகும்வரை மூன்று நாளும் இருந்தார்.