கரடிக்குக் கொடுத்த மரியாதை

ஈப்போவுக்கு வெளியே காட்டுப்பாதை தொடங்குமிடத்தில் புதிதாக ஒரு பலகை. மலாய் மொழியில் எழுதியிருந்ததை என் மகள் தமிழில் சொன்னாள்.

"கரடியப் பாத்தா ஓடக்கூடாதாம்மா. மரத்துல ஏறக்கூடாதாம், அதுவும் ஏறுமாம். முதுகக் காட்டாம, மெதுவா பேசிக்கிட்டே பின்னால போகணுமாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

என் அம்மா சுங்காய்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் மரம் சீவியவள். எனக்கு ஒன்பது வயதில், பள்ளி விடுமுறையில், அவளோடு போயிருந்தேன். அவள் தோள் சாக்கில், மரத்தில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலான ஒட்டுப்பால் நாறியது. விழுந்து கிடந்த மரத்துக்குப் பின்னாலிருந்து கரடி ஒன்று எழுந்து நின்றது. மூக்கெல்லாம் தேன், நெஞ்சில் மஞ்சள் பட்டை. ஓடத் திரும்பிய என்னைச் சடையைப் பிடித்து நிறுத்தினாள் அம்மா.

தோட்ட ஆபீஸ் எழுத்தரை நாங்கள் கிராணி என்போம். அவருக்கு யாரும் முதுகைக் காட்ட மாட்டார்கள். குனிந்தபடி பின்பக்கமாகவே நடந்து வெளியே வருவார்கள். பயத்தில் அம்மாவுக்குக் கைகொடுத்தது அந்தப் பழக்கம்தான்.

"நீங்க சாப்பிடுங்கய்யா. தெரியாம வந்துட்டோம். இதோ போயிடுறோம்யா," என்று தணிந்த குரலில் சொல்லிக்கொண்டே, என்னையும் இழுத்தபடி, அடி அடியாகப் பின்வாங்கினாள். கரடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தேனுக்கே திரும்பியது.

மறுநாள் அம்மா கிராணியின் அறையிலிருந்து அவருக்கு முதுகைக் காட்டி, விறுவிறுவென்று நடந்து வந்தாள். வாசலில் நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

"இனிமே அந்த மரியாதை கரடிக்கு மட்டும்தான்லா," என்றாள்.