சீட்டில் வைக்கும் மூடி

ஜவ்வாது மலைக் கோயிலுக்கு விளக்கேற்ற, இலுப்பை எண்ணெய் டின்னோடு மனைவியையும் மகளையும் காரில் அழைத்துப் போனேன். மலையேறும்போது எண்ணெய் கருகும் வாடை வந்தது.

"டின்னு சிந்திடுச்சி போல" என்றேன்.

பின்சீட்டிலிருந்த மனைவி டின்னைத் தடவிப் பார்த்தாள். "இன்னாய்யா, இது காஞ்சி கெடக்குது. வாயத்தான் தொறக்க மாட்ட, பானெட்டயாவது தொற!"

திறந்தால் ஒரே புகை. காலையில் இன்ஜின் ஆயில் ஊற்றியவன் மூட மறந்திருக்கிறேன். மூடி பேட்டரி ஓரம் சிக்கியிருந்தது. ஆயில் தெறித்து, சூடான புகைக்குழாயில் கருகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தால் மூவரோடும் வண்டி தீப்பிடித்திருக்கும்.

ஆறவிட்டுத் துடைத்து, கையிலிருந்த இன்ஜின் ஆயிலை ஊற்றி, அளவு பார்த்து, மூடியைத் திருகிய பிறகே கிளம்பினோம்.

இப்போதெல்லாம் ஆயில் ஊற்றும்போது கழற்றிய மூடியை டிரைவர் சீட்டில்தான் வைக்கிறேன். அதை எடுக்காமல் நான் உட்கார முடியாது.