கேரவனில் ஏறாத பெரியவர்

எங்கள் மாமாவின் வண்டி எங்கே நின்றாலும் நாலு பேர் கூடிவிடுவார்கள். வெள்ளை வேன், ஜன்னலெல்லாம் கறுப்புக் கண்ணாடி, தலையில் ஏசி பெட்டி. பார்க்கிறதுக்கு சினிமா ஷூட்டிங்கில் நிற்கிற கேரவன் மாதிரியே இருக்கும். உள்ளே எவனோ ஹீரோ மேக்கப் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, போனைக் கையில் பிடித்தபடி நிற்பார்கள். நானும் அவர்கள் ஆசையைக் கெடுக்க மாட்டேன். கொஞ்ச நேரம் இருங்க, இப்போது இறங்குவார் என்பேன். கதவு திறக்கும். இறங்குவது எங்கள் நாய்.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். துபாயில் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊருக்கு வந்தவர், சும்மா இருக்க முடியாமல் ஒரு பழைய வேனை வாங்கி, அதற்குள் கட்டில், அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்து வீடாக்கிவிட்டார். உள்ளே மரவேலை செய்து கொடுத்தவர் சிதம்பரத்தில் மரப்பட்டறை வைத்திருக்கிற பாய். துபாயில் மாமாவும் அவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். கடலூரில் சொந்த வீடு இருந்தாலும் அக்காவும் மாமாவும் மாதத்தில் பாதி நாள் அந்த வேனில்தான். வடலூர் ஜோதி, ஸ்ரீமுஷ்ணம், திருவதிகை என்று ஏதாவது ஓர் ஊரில் நிறுத்திக்கொண்டு சாம்பார் கொதிக்கவிடுவார்கள்.

நாய் அக்காவுடையது. மாமா துபாயில் இருந்த நாளில், அக்கா தனியாக இருக்கிறாளே என்று, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கிடந்த குட்டியைச் சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்தவன் நான். அக்கா என்னையும் அதையும் சேர்த்தே திட்டினாள். அப்புறம் அதைப் பிள்ளை மாதிரி வளர்த்தாள். அடுப்படிக்குள் வரக்கூடாது, வாசல் கோலத்தை மிதிக்கக் கூடாது, பால்காரரைப் பார்த்துக் குரைக்கக் கூடாது என்று அவள் எடுத்த பாடமெல்லாம் அதற்குச் சீக்கிரமே ஏறிவிட்டது. நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டவன். இன்னும் அந்த லீவு முடியவில்லை. ஒரு நாயைப் பார்த்துக் கத்துக்கோ என்று என்னை அக்கா சொல்வது உண்டு.

அந்தக் காலத்தில் அது வேனில் ஏறுகிற அழகைப் பார்க்க வேண்டும். படியெல்லாம் அதற்குக் கணக்கில்லை. தூரத்திலிருந்து ஓடிவந்து ஒரே தாவல், நேராக டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் சாக்கில் போய் விழும். இப்போது முகமெல்லாம் நரைத்து, பின்னங்கால் இரண்டும் தளர்ந்துவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு யோசனை, எழுந்தால் நடக்க ஒரு யோசனை. நான் அதற்குப் 'பெரியவர்' என்று பட்டம் கொடுத்துவிட்டேன். பென்ஷன் வந்துச்சா பெரியவரே என்று கேட்டால் ஒரு காதை மட்டும் அசைக்கும்.

தாவ முடியாமல் போனதும் ஏற்றி இறக்குகிற வேலை எனக்கு வந்தது. ஒரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்து, பழைய துண்டை வயிற்றுக்குக் கீழே தொட்டில் மாதிரி போட்டு, மெதுவாகத் தூக்க வேண்டும். நேரே வயிற்றில் கை வைத்துத் தூக்கினால் இடுப்பு வலித்து முனகிவிடும். தூக்குகிற நேரம் முழுக்க அது என் முகத்தைப் பார்க்காது. எங்கேயோ தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கும், இந்த உடம்பு தன்னுடையது இல்லை என்பது மாதிரி. இன்னொன்று, கிளம்பிய விமானம் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்வது போல நாலு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொள்ளும். படியில் நகம்கூடப் படாது. ஏர்போர்ட்டுக்குப் போகலாமா பெரியவரே என்பேன்.

ஆனால் நான் எப்போதும் கூட இருக்க முடியாது. எனக்கு பைக் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் வேலை, கடைக்கு மேலேயே தங்கல், அங்கே நாயை விட மாட்டார்கள். மாமாவுக்கோ முதுகில் டிஸ்க் விலகி பெல்ட் போட்டிருக்கிறார். அக்காவால் ஒரு கேஸ் சிலிண்டரை நகர்த்தவே முடியாது. இந்த நிலைமையில்தான் தை அமாவாசை கழிந்ததும் கன்னியாகுமரி வரைக்கும் ஒரு நீண்ட பயணம் போவதென்று மாமா முடிவு செய்தார். பெரியவரை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. தானாக ஏறி இறங்கினால் கூட வரும், இல்லாவிட்டால் சிதம்பரத்தில் பாய் பட்டறையில் விட்டுவிட்டுப் போவது என்று மாமா சொன்னார். அக்கா தட்டில் மிச்சமிருந்த தோசையைப் பிய்த்துப் பெரியவருக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனைச் சிதம்பரத்துக்கு ஓட்டிப்போனோம். பாய் அளவெடுத்து ஒரு சாய்வுப் பலகை செய்தார். நல்ல கனமான பிளைவுட், கால் வழுக்காமல் இருக்க மேலே தேங்காய்நார் மிதியடி, இரண்டு பக்கமும் விளிம்பு. வாசல் படிக்கு மேலே கொக்கி போட்டு மாட்டினால் தரையில் சாய்ந்து நிற்கும். பாய் நாயைத் தொட மாட்டார். மாமா காரணம் கேட்டு வம்புக்கு இழுத்ததும் அவர் என்னைக் கைகாட்டிச் சிரித்துவிட்டார்.

"ஈரம் பட்டுதுன்னா நான் கழுவி முடிக்கறதுக்குள்ள அடுத்த தொழுகையே வந்துரும். தொடறது மச்சான் டிப்பார்ட்மெண்ட். எலும்பு வாங்கறது நம்ம டிப்பார்ட்மெண்ட்."

அவர் வாங்கி வைத்திருந்த எலும்பை உள்ளே போட்டோம். பெரியவர் பலகையை மோந்து பார்த்தார், ஒரு கால் வைத்தார், மெல்ல மெல்ல ஏறி உள்ளே போய்விட்டார். மாமா பாயைக் கட்டிப்பிடித்தார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தூசு விழுந்துவிட்டது என்றாள். பட்டறையில் மரத்தூளுக்கா பஞ்சம், நம்பிவிட்டோம்.

மறுநாள் கடலூரில் அதே பலகை, அதே கதவு. பெரியவர் ஏறவில்லை. பலகைக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பிப் போய்ப் படுத்துவிட்டார். எலும்பு வைத்தோம், ஈரல் வைத்தோம். எச்சில் மட்டும் ஒழுகியது, கால் நகரவில்லை. சாயங்காலம் பார்த்தோம், அடுத்த ஞாயிறு பார்த்தோம், பொங்கலுக்குப் பார்த்தோம். நான் பலகையில் நாலு காலில் ஏறிக்கூட காட்டினேன். தெருப் பிள்ளைகள் கைதட்டினார்கள், பெரியவர் தட்டவில்லை. கால்நடை டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு, எலும்பு தேய்மானம்தான், ஆனால் அந்தச் சரிவில் ஏறலாம் என்றார். அப்படியானால் மனசுதான் விட்டுப்போய்விட்டது என்று மாமா முடிவு கட்டிவிட்டார். அன்று சிதம்பரத்தில் ஏறியது பாய் எலும்பின் மேல் இருந்த புது ஆசை, இப்போது கறியில்கூட நாட்டம் இல்லை என்றார். பாய்க்குப் போன் போட்டு, அமாவாசை அன்றைக்கு மதியம் கொண்டுவந்து விடுகிறோம் என்று சொல்லிவிட்டார்.

அமாவாசை காலையில் மாமா அவருடைய அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுக்க தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போயிருந்தார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வந்தேன். அக்கா வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டு, பெரியவருக்குத் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை பலகையைக் காட்டிப் பார்ப்போம், ஏறாவிட்டால் ஏர்போர்ட் சர்வீஸ்தான் என்று பலகையை மாட்டிவைத்துவிட்டு, துண்டு எடுக்க உள்ளே போனேன். திரும்பி வந்து பார்த்தால் வாசலில் பெரியவர் இல்லை. வேனுக்குள் எட்டிப் பார்த்தேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், தன் சாக்கில், காலை நீட்டிப் படுத்திருந்தார்.

நீதானே தூக்கினாய் என்று அக்காவைக் கேட்டேன். அவள் என்னைக் கேட்டாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டோம். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். எழுந்து, யோசித்து, பலகை வழியாக இறங்கி வந்தார். வா என்றேன், மறுபடியும் ஏறினார். நேற்றுவரை இதே பலகை. இன்றைக்கு என்ன வித்தியாசம் என்று வாசலைப் பார்த்தேன். ஈரத் தரை மட்டும்தான் இருந்தது.

வீட்டில் அமாவாசை அன்று அக்கா கோலம் போட மாட்டாள். மற்ற நாளெல்லாம் போடுவாள், வீட்டு வாசலிலும் போடுவாள், வேன் வாசலிலும் போடுவாள். எந்த ஊரில் நிறுத்தினாலும் விடிந்ததும் படிக்கு முன்னால் அரிசி மாவு விழுந்துவிடும். மார்கழி வேறு, கோலம் வண்டி நீளத்துக்குப் பெரிசாகிக்கொண்டே போனது. பாய் பட்டறையில் ஒருநாளும் அவள் போட்டதில்லை. புதுப் பலகை வந்ததும், நல்லபடியாக இருக்கட்டும் என்று அதன் அடியில் மஞ்சள் குங்குமம் வைத்து, அதைச் சுற்றித் தாமரை தாமரையாகப் போட்டுவைத்தாள்.

நான் கோல மாவு டப்பாவை எடுத்துவந்து பலகையின் அடியில் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னிக்கு கோலம் போடக் கூடாதுன்னு தெரியாதாடா உனக்கு?"

"இது கோலமில்லக்கா. என் கையெழுத்து. பேசாம பாரு."

பெரியவரைக் கூப்பிட்டேன். வேனுக்குள்ளிருந்து பாதிப் பலகை வரைக்கும் வந்தார். கோட்டைப் பார்த்ததும் நின்றார். பின்னங்கால் நடுங்குகிறது, இறங்கிவிட்டால் போதும், இன்னும் ஓர் அடிதான். இறங்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

முன்பெல்லாம் அவ்வளவு தூரத்திலிருந்து எதற்குத் தாவியது, தூக்கும்போது எதற்கு நாலு காலையும் மடக்கியது, எல்லாம் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அக்கா பலகைக்கு முன்னால் உட்கார்ந்து உள்ளங்கையால் அந்தக் கோட்டைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தாள்.

"மாவத்தான்டா மிதிக்கக் கூடாதுன்னு சொன்னேன். அதுக்குன்னு ஊருக்கு வரமாட்டேன்னா இருப்ப?"

பெரியவர் இறங்கி வந்து அவள் மடியில் மூக்கை வைத்தார். நான் மாவு டப்பாவை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தேன்.

மாமா ஈர வேட்டியோடு வந்தார். விஷயத்தைச் சொன்னோம். நம்பவில்லை. ஏற்றி இறக்கிக் காட்டியதும், பெல்ட் போட்ட முதுகை மறந்து குனிந்து அதன் தலையைத் தடவினார். காக்காவுக்குச் சாதம் வைத்தபின் எங்களைவிட முதலில் பெரியவருக்குத்தான் வடை கிடைத்தது.

ஆனாலும் மதியம் சிதம்பரத்துக்குப் போனோம். போனில் சொல்ல மாமாவுக்கு மனசு வரவில்லை. பாய் பட்டறையில் தேக்குக் கட்டைகளுக்குப் பக்கத்தில் நிழலாக ஓர் இடம் ஒதுக்கி, புதுச் சாக்கு விரித்து, தண்ணீருக்கு ஒரு மண்சட்டியும் வைத்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, சாக்கைச் சுருட்டி என் கையில் கொடுத்தார்.

"நம்ம வீட்டுப் பசங்க இந்த அளவுக்கு சொன்ன பேச்சு கேட்டா போதும் மச்சான். சட்டியையும் எடுத்துக்கிட்டுப் போங்க, வழியில ஆகும்."

அன்று ராத்திரி பட்டறை வாசலிலேயே வேனை நிறுத்திக்கொண்டோம். அங்கிருந்தே காலையில் அக்காவும் மாமாவும் தெற்கே கிளம்புவது, நான் பஸ் பிடித்துக் கடலூர் திரும்புவது என்று ஏற்பாடு. விடிந்ததும் அக்கா மாவு டப்பாவோடு இறங்கினாள். பலகைப் பக்கம் போகவில்லை. வேனைச் சுற்றி முன்பக்கம் போய், நம்பர் பிளேட்டுக்கு நேராக ஒரு சின்னக் கோலம் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குள் தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். டீ கிளாஸோடு நின்ற ஒருவர், உள்ளே யாருங்க என்று என்னிடம் மெதுவாக விசாரித்தார்.

"பெரியவருதான். இப்பதான் எழுந்தாரு. இருங்க, அவரே இறங்கி வருவாரு."