காப்பிக்கு வார்த்த தண்ணீர்

தேயிலை வருமுன், மலையில் காப்பி இருந்த காலம் அது. கடல் தாண்டி வந்து பசறைக்கு மேலே நாங்கள் இருந்த தோட்டத்தில், ஒரு மழைக்காலம் முழுவதும் எங்கள் அடுப்பில் தாளிப்பு வாசனை எழவில்லை. காலையும் மாலையும் உப்புக் கஞ்சிதான். வீட்டில் எல்லாரும் கல்லுக்குண்டு போல்தான் இருந்தோம். அம்மை கண்டிருந்தது காப்பிச் செடிகளுக்கு.

இதைச் சொன்னால் இப்போது என் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எனக்கு அப்போது ஏழெட்டு வயது. இலையைத் திருப்பினால் அடியில் மஞ்சளும் சிவப்புமாகப் பொட்டுப் பொட்டாய்ப் பொடி இருக்கும். தொட்டால் விரலில் ஒட்டும். பிறகு இலை உதிரும், காய் கறுக்கும், செடி வெறும் குச்சியாக நிற்கும். துரை பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, இது பூஞ்சணம், உதிர்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துங்கள், கிளையைக் கவ்வாத்து வெட்டுங்கள், ஈரமான செடியில் கை வைக்காதீர்கள் என்று சொன்னாராம். கூலி வீடுகளான லயத்தில் இருந்த பெண்களுக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை. மேலெல்லாம் முத்துப் போட்டால் வந்திருப்பது யார் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

கங்காணி என் பெரியப்பா. லயத்துக்குப் பின்னாலிருந்த சரிவு இந்த வருஷமும் காய்க்காவிட்டால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட வேண்டியதுதான் என்று துரை அவரிடம் சொல்லியிருந்தார். பெரியவர்கள் முகமெல்லாம் இருண்டு கிடந்தது. எனக்கு மட்டும் உள்ளுக்குள் சந்தோஷம். இறங்கினால் ஊருக்குப் போவோம், ஊரில் மாமா வீட்டில் விட்டுவந்த தம்பியைப் பார்க்கலாம். நான் பெரியம்மாவோடு முன்னால் வந்துவிட்டேன். பிறகு வந்த அப்பாவும் அம்மாவும் அவன் அங்கேயே இருக்கிறான் என்று சொல்லியிருந்தார்கள்.

அம்மைக்குச் செய்கிற எல்லாவற்றையும் காப்பிக்கும் செய்தார்கள். தாளிப்பு நின்றது. தப்பு அடிப்பது நின்றது. யாரும் நோயின் பேரைச் சொல்லவில்லை. கவ்வாத்துதான் பெரிய சங்கடமாகிவிட்டது. அம்மை கண்ட வீட்டில் தலைமுடியைக்கூட வெட்டமாட்டார்கள், கிளையை வெட்டுவதா? அப்பா கத்தியோடு திரும்பிய ஒரு சாயங்காலம் அம்மா பொறுக்காமல் கேட்டாள்.

"ஆத்தா இன்னும் எறங்கல. அதுக்குள்ள கத்தி வச்சிட்டு வாறீங்களே."

"வெட்டாட்டி பேரு போடமாட்டாங்க. நான் என்னா செய்ய?"

பேர் போடாவிட்டால் அன்றைய கூலி இல்லை.  பகலில் அப்பா வெட்டிக் கொளுத்தினார். பொழுது சாய்ந்ததும் அம்மா மஞ்சள் தண்ணீர் தெளித்தாள். அந்தக் குளிர் மலையில் வேப்பிலைக்கு எங்கே போவது? பதுளைக்குப் போன பெரியப்பா ஒரு கடைக்காரர் வீட்டில் கேட்டு வாங்கிவந்த கொத்து, காய்ந்து சருகாகத்தான் வந்து சேர்ந்தது. அதையே மஞ்சள் தண்ணீரில் நனைத்து ஒரு செடியின் மேல் தடவி, அதே கொத்தை அடுத்த செடியிலும் தடவுவார்கள். அந்தப் பொடியை நாங்களே செடிக்குச் செடி கொண்டுபோயிருக்கலாம். காற்றுக்கு எங்கள் உதவி தேவைப்பட்டிருக்காது என்று இப்போது என்னைத் தேற்றிக்கொள்கிறேன். அட்டைக்கடியோடு குடம் சுமந்து எனக்குக் கால் விட்டுப்போகும். பெரட்டில் ஆள் கணக்குக் கொடுக்க விடியுமுன் போய் நாளெல்லாம் வேலை செய்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் துளிர் வந்தது. குச்சிகளில் பளபளவென்று புது இலை. ஆத்தா இறங்கிவிட்டாள் என்று பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். குணமானவர்களுக்குத் தலைக்குத் தண்ணீர் வார்ப்பதுபோல் செடிகளுக்கும் வார்ப்பது என்று முடிவானது. செடிக்கு ஒரு கை தண்ணீர் என்று எல்லாரும் ஊற்றிக்கொண்டு போக, அம்மா ஓரத்தில் நின்ற ஒரு சின்னச் செடியிடம் நின்றுவிட்டாள். ஒரு குடத்தை முழுசாக அதன்மேல் வார்த்தாள். பிறகு முந்தானையால் ஒவ்வொரு இலையாக, மேலும் கீழும், துவட்டத் தொடங்கினாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"செடிக்கு ஏம்மா தொவட்டுற? சளி புடிச்சிக்குமா?"

அம்மா அடுத்த இலையைப் பிடித்தாள். அப்பாதான், "நீ சும்மா இரு தாயி" என்றார். அன்றைக்கு வீட்டில் கடுகு பொரிந்தது. நான் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிப்போனேன்.

காய் பிடிப்பதற்குள் பொட்டுகள் திரும்ப வந்துவிட்டன. துரை சொன்னது சொன்னதுதான். சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு பாதையில் இறங்கினோம். நான் முன்னால் ஓடி ஓடித் திரும்பி, இனி தம்பியைப் பார்க்கலாம், தம்பியைப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பெரியவர்கள் பாதையையே பார்த்து நடந்தார்கள். சுமை கனம் என்று நினைத்துக்கொண்டேன். போய்ச் சேர்ந்த இடம் ஊர் இல்லை, ஹாலிஎலப் பக்கம் புதிதாகத் தேயிலை போட்ட ஒரு தோட்டம்.

பல வருஷங்களுக்குப் பிறகு என் மகனுக்கு அம்மை கண்டு இறங்கியது. தண்ணீர் வார்க்க அம்மா வந்தாள். வார்த்துவிட்டு, முந்தானையால் அவன் காது மடலை, விரல் இடுக்கை, ஒவ்வொன்றாகத் துவட்டினாள். துவட்டிக்கொண்டே சொன்னாள். தம்பியை ஊரில் விட்டுவரவில்லையாம். கடற்கரையிலிருந்து மலைக்கு நடந்துவந்த வழியில் அவனுக்கு முத்துப் போட்டதாம். தண்ணீர் வார்க்கும் நாள் வருமுன்னே போய்விட்டானாம். கூட்டம் நிற்காததால் பாதை ஓரத்தில் புதைத்துவிட்டு நடந்தார்களாம்.

அந்தக் காப்பிச் செடி அவன் உயரம் இருந்ததாம். சளி பிடித்துக்கொள்ளுமா என்று நான் யாரைப் பற்றிக் கேட்டேன் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது.