விண்ணப்பப் பெட்டியில் விழுந்த அத்தாட்சி

ஆண்டவருடைய பிள்ளைகளே, 1994 ஆகஸ்டில் நான் வங்கியில் போட்ட ஒரு செக், பணமில்லை என்று திரும்பி வந்தது. சரக்கு போனது போனதுதான்.

அம்பத்தூரில் எனக்கு இருந்தது ஒரே ஒரு லேத். அதில் கடைந்த உதிரி பாகங்களை வாங்கிய குமரேசன் கொடுத்த செக் அது. அந்தப் பணம் வராவிட்டால் வங்கிக் கடனுக்கு லேத் போய்விடும். லேத் போனால் எனக்குத் தெரிந்த வேறு தொழில் புலம்புவது ஒன்றுதான்.

வழக்குப் போட்டேன். குமரேசனோ, அதற்கு முன் நாங்கள் அனுப்பிய வக்கீல் நோட்டீஸே வரவில்லை என்று சாதித்தார். ஆனால் நோட்டீஸை வாங்கிக்கொண்டதற்கு அவர் கையெழுத்துப் போட்ட தபால் ஒப்புகை அட்டை எங்களிடம் இருந்தது.

“சாமுவேலு, மொத்த கேஸும் இந்த அட்டையிலதான் கீது. என் ஆபீஸ் மழைக்கு ஒழுகுது, ஒன்னாண்டயே இருக்கட்டும். சாட்சி சொல்ற அன்னிக்கு எடுத்துகினு வா” என்றார் வக்கீல் கரீம் பாய்.

அன்றோடு என் தூக்கம் போயிற்று. எலி தின்றுவிடும் என்று பயந்து அட்டையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன். குளிக்கப் போகும்போது மனைவி மெர்சியிடம் கொடுப்பேன். திரும்ப வாங்கும்போது கையெழுத்து அதேதானா என்று சரிபார்ப்பேன். “நானே அட்டையை மாத்திடுவனா?” என்று அவள் முறைப்பாள்.

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொரட்டூரிலுள்ள எங்கள் சபையில், ஜெப விண்ணப்பம் எழுதத் தரும் அட்டையை வாங்கி உருக்கமாக எழுதி அதே சட்டைப் பையில் வைத்தேன். விண்ணப்பப் பெட்டியருகே கண்ணை மூடி, பயபக்தியோடு எடுத்துப் போட்டேன். பையில் மிஞ்சியதை வீட்டில் ஒரு கவரில் வைத்து ஒட்டிவிட்டேன். பிரித்துப் பார்த்தால் அழுக்காகிவிடுமாம்! அவ்வளவு ஜாக்கிரதை.

சாட்சி சொல்லவேண்டிய வெள்ளிக்கிழமை, பூந்தமல்லி கோர்ட் வராந்தாவில் கரீம் பாய் கவரைக் கிழித்தார். வாய்விட்டுப் படித்தார்: “கர்த்தாவே, எங்கள் வக்கீலுக்குக் காலையில் சீக்கிரம் எழும் மனதைத் தாரும். என் அட்டையைக் காத்தருளும்.”

நிமிர்ந்து பார்த்தார். “யோவ், இன்னாய்யா இது? ஜட்ஜாண்ட இதையா குடுக்கச் சொல்ற?”

அப்படியானால் ஞாயிறன்று பெட்டியில் விழுந்தது கோர்ட் அட்டை! தூணுக்குப் பின்னால் முழங்காலில் விழுந்தேன். “ஆண்டவரே, மடையன் நான். பெட்டி உம்முடையது” என்றேன். அதற்கு மேல் ஜெபம் வரவில்லை, விக்கல்தான் வந்தது.

மத்தியானம் வழக்கைக் கூப்பிடப் போகும் நேரம். பஸ்ஸிலிருந்து இறங்கி மூச்சிரைக்க ஓடிவருகிறாள் மெர்சி. கையில் என் அட்டை!

“உபவாச ஜெபத்துக்கு லேட்டாப் போனேன். பெட்டியைத் தொறந்து ஜெபம் பண்ணிகினு இருந்தாங்க. குமரேசன்னு யாரோ கஷ்டத்துல கீறாராம், அவருக்காக எல்லாரும் அழுவுறாங்க. யாருடா அதுன்னு எட்டிப் பாத்தா, உங்க அட்டை! அதுல கீற கையெழுத்தைப் பாத்து விண்ணப்பம்னு நெனச்சிட்டாங்க.”

அட்டை கோர்ட்டில் ஏறியது. தன் கையெழுத்தைப் பார்த்த குமரேசனுக்கு முகம் செத்துவிட்டது. வெளியே வந்ததும் மெர்சி சும்மா இருக்கவில்லை. “அண்ணே, காலைலேர்ந்து ஒங்களுக்காகத்தான் ஜெபம்” என்றாள்.

“எனக்கா? நான் ஏமாத்துனவனாச்சே!” என்று அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அண்ணாத்தே, ஊட்ல நெலம சரியில்ல. தவணையாக் கட்டிடறேன்” என்றார். சொன்னபடியே கட்டி முடித்தார். லேத் இன்றும் என்னிடம் ஓடுகிறது, என்னைவிடச் சத்தம் குறைவாக.

என் விண்ணப்பத்தில் வக்கீலுக்கு ஒரு வரி இருந்தது, அட்டைக்கு ஒரு வரி இருந்தது. குமரேசனுக்கு ஒரு எழுத்துகூட இல்லை. நான் எழுதாமல் விட்டதை என் கை தவறிப் போட்டது. ஆண்டவர் அதற்கே முதலில் பதில் கொடுத்தார். அன்றுமுதல் நான் எழுதும் விண்ணப்பங்களில் முதல் பெயர், என் மேல் கோபமாக இருப்பவருடையது. பட்டியல் கொஞ்சம் நீளம்தான்.

நீங்களும் உங்கள் பாரத்தை அவரிடம் போட்டுவிடுங்கள். போடும்போது கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லார் வீட்டிலும் மெர்சி இருக்கமாட்டாள்.