சேனல் முழுக்க அவள் குரல்

டெப்போவில் அவருக்கு சைலன்சர் என்று பெயர். நகரப் பேருந்து ஓட்டுகிற ஆள். பின்னால் கண்டக்டர் சில்லறைக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இவர் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு வார்த்தை பேசாமல் ஷிப்டை முடித்துவிட்டு இறங்கிப் போவார். குறுக்கே வந்து விழுகிற பைக்காரனைக்கூடத் திட்டியதில்லை. ஒரு ஹாரன், அவ்வளவுதான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமோ என்னவோ. "தங்கமான மனுஷன், இருக்கற இடம் தெரியாது" என்று அக்கம்பக்கத்தில் மெச்சிக்கொள்வார்கள். இருக்கிற இடம் தெரியாத ஆளோடு குடித்தனம் நடத்திப் பார்த்தவளைக் கேட்டால்தானே தெரியும்!

அவர் மனைவிக்குப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. வருகிறவரின் கையைத் தட்டி, நரம்பைத் தேடி, வலிக்கும் முன்னே ஊசியை எடுத்துவிடுகிற கை. அந்தக் கைக்கு நடுக்கம் என்பதே கிடையாது. ஒரு விடுமுறை நாளில் ஊருக்கு வெளியே இருந்த மலைக்குப் போனார்கள். அங்கே ஒரு பைலட் அவளைத் தன் முன்னால் பட்டையால் கட்டிக்கொண்டு, துணி இறக்கையை விரித்துப் பறக்கிற பாராகிளைடரில் ஒரு சுற்றுப் பறந்து இறக்கிவிட்டான். கீழே வந்தவளின் முகம் வேறு முகமாக இருந்தது. "நான் இதைக் கத்துக்கப் போறேன்" என்றாள். இவர் "ம்" என்றார். அந்த "ம்"மை அவள் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். வேறு எப்படி எடுத்துக்கொள்வது, அதற்குமேல் ஒன்றும் வராது என்று அவளுக்குத் தெரியும்.

மலை உச்சியிலிருந்து கிளம்பி அடிவாரத்துப் புல்வெளியில் இறங்குவதை அவள் சீக்கிரமே கற்றுக்கொண்டாள். பறக்கிற கூட்டம் அவளுக்கு ஊசி என்று பெயரும் வைத்துவிட்டது. ஆனால் தூரம் போவது வேறு வித்தை. வெயிலில் காய்ந்த நிலத்திலிருந்து சூடான காற்று மேலே கிளம்பும். கண்ணுக்குத் தெரியாது. அதைத் தேடிப் பிடித்து, அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி உயரம் ஏறவேண்டும். ஏறியதும் அதை விட்டுவிட்டு, அடுத்த சூட்டை நம்பி நீளமாக நழுவவேண்டும். கிடைத்தால் மறுபடி ஏறலாம். கிடைக்காவிட்டால் யாரோ ஒருவருடைய வயலில் இறங்கி அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளவேண்டியதுதான். தெரிந்த மலையை விட்டு விலகுவதற்குத்தான் நெஞ்சில் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பைச் சேர்க்கவே அவளுக்குச் சில சீசன்கள் பிடித்தன.

அவள் மேலே போனால் இவர் கீழே காரில் பின்தொடர்வார். எங்கே இறங்குகிறாளோ அங்கே போய் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். இரண்டு பேரிடமும் வாக்கிடாக்கி உண்டு. அவள் மேலிருந்து, "பள்ளிக்கூடத்துக்கு மேல இருக்கேன்" என்பாள். இவர் பட்டனை அமுக்கி "ம்" என்பார். உச்சியில் நின்று காற்றுப் பார்த்து ஆட்களை அனுப்புகிறவருக்குச் சுடுதண்ணி என்று பெயர், எடுத்ததற்கெல்லாம் கொதிப்பார். "யோவ், இந்த 'ம்'முக்கு ஒரு பேட்டரி வேஸ்ட்டா!" என்று அவரும், பறக்கிறவர்கள் எல்லோரும் கேட்கிற அதே சேனலில் கத்துவார்.

அன்று அவள் குறி வைத்தது இரண்டாவது மலையைத் தாண்டி, ஆற்றுக்கும் அப்பால் உள்ள சமவெளி. அதுவரை அவள் தொடாத தூரம். உயரத்தில் குளிரும் என்று தடித்த ஜாக்கெட் ஒன்று புதிதாகப் போட்டிருந்தாள். அதற்கு மேல் மார்புப் பட்டையை இழுத்துக் கட்டியபோது, தோளில் மாட்டியிருந்த மைக் சரிந்து பட்டைக்கு அடியில் போய்விட்டது. கிளம்புகிற பரபரப்பில் அவளும் கவனிக்கவில்லை, பக்கத்தில் நின்ற சுடுதண்ணியும் கவனிக்கவில்லை. மேலே போய் இருக்கையில் சாய்ந்ததும் பட்டை இறுகி, மைக்கின் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டது.

வாக்கிடாக்கியில் பட்டனை அமுக்கினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். இரண்டும் சேர்ந்து நடக்காது. பட்டன் அமுங்கியபடியே இருந்தால் அந்த ஆளின் மூச்சுகூட ஊருக்கெல்லாம் கேட்கும். ஊர் சொல்வது மட்டும் அந்த ஆளுக்குக் கேட்காது.

முதலில் சைலன்சருக்கு அது புரியவில்லை. வாக்கிடாக்கியை இணைத்திருந்த கார் ஸ்பீக்கரில் அவள் குரல் வந்தது. "வா வா வா. இங்கதான் ஒளிஞ்சிட்டிருக்கியா நீ? ஓடாதே. அப்படித்தான், என் தங்கம்." யாரைக் கொஞ்சுகிறாள் என்று ஒரு கணம் திகைத்தார். காற்றைத்தான். கூடவே பீப் பீப் என்று ஒரு சத்தம். அவள் மடியில் ஒரு சின்னக் கருவி உண்டு, மேலே ஏறினால் பீப் அடிக்கும், வேகமாக ஏறினால் வேகமாக அடிக்கும். அதுவும் சேர்ந்து கேட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவு பேசுகிறவளா இவள்? வீட்டில் இவரைப் பார்த்துப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் போலிருக்கிறது.

"தபால் ஆபீஸ் தாண்டிட்டேன்" என்று இவர் இருக்கிற இடத்தைச் சொல்லப் பட்டனை அமுக்கினார். அவள் பாட்டுக்குக் காற்றோடு பேசிக்கொண்டே இருந்தாள். மறுபடி அமுக்கினார். அவள் பட்டன் அமுங்கிக் கிடக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது. சரி, எப்படியும் இறங்கினால் தெரிந்துவிடும் என்று காரை ஓட்டினார்.

அந்த நேரத்தில் சுடுதண்ணி போன் செய்தார். "சைலன்சர், பின்னாடி மேகத்தைப் பாத்தீங்களா?"

காரை ஒரு டயர் கடை முன்னால் நிறுத்தி இறங்கிப் பார்த்தார். முதல் மலைக்குப் பின்னால் ஒரு மேகம் கொழுத்துக்கொண்டே போனது. மேலே காலிஃபிளவர் மாதிரி வெள்ளை, அடியில் கன்னங்கரேல். அவள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். காற்று தானாகத் தூக்குகிறதே என்று அவளுக்குச் சந்தோஷம். தூக்குவது எது என்று கீழே இருப்பவர்களுக்குத்தான் தெரிந்தது.

"மத்தவங்க எல்லாரும் பாத்துட்டு இறங்கிட்டாங்க. உங்க வீட்டம்மாவை இறக்குங்க!"

"எப்படி இறக்குறது?"

கொதிக்கிற மனுஷன் அன்று முதல்முறையாகத் தணிந்து பேசினார். "அதான் எனக்கும் தெரியலைங்க. நாங்க யார் பேசினாலும் அவங்களுக்குக் கேக்காது."

சைலன்சர் அவள் போனுக்கு அடித்தார். அவள் ஜாக்கெட் பைக்குள் மணி அடிப்பது அவர் கார் ஸ்பீக்கரிலேயே கேட்டது!

"இந்த நேரத்துல எவன்டா அது?" என்றாள் அவள். "கயித்துலேர்ந்து கையை எடுத்தா நான் காலி. சிம் கம்பெனிக்காரனாத்தான் இருக்கும்."

மறுபடி அடித்தார். "மறுபடியுமா! ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உனக்கு?" என்று அவள் சிடுசிடுத்தாள்.

ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தார். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் கார் தீப்பெட்டி, விளக்கு எங்கே தெரியப் போகிறது? காரின் கால்மிதியை உருவி எடுத்து, நடுரோட்டில் நின்று தலைக்கு மேல் வீசினார். டயர் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன சார், யாரைக் கூப்பிடறீங்க?" என்றார். இவர் வானத்தைக் காட்டினார். கடைக்காரர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அங்க ஒண்ணும் இல்லையே சார்" என்றார். இவர் கண்ணுக்கும் அவள் ஒரு புள்ளிதான். அந்தப் புள்ளியும் பரவி வந்த மேகத்தின் விளிம்பில் மங்கிக்கொண்டிருந்தது.

ஸ்பீக்கரில் பீப் சத்தம் இடைவெளி இல்லாமல் ஒரே இழுப்பாக மாறியது. அவள் குரலில் கொஞ்சல் போய்விட்டது.

"போதும். போதும்ப்பா, விடு. இறங்கணும்." இறக்கையின் இரண்டு ஓரங்களையும் கயிற்றால் இழுத்து மடக்குகிறாள், மூச்சு வாங்குவது கேட்டது. அப்படி மடக்கினால் கீழே இறங்கவேண்டும். பீப் நிற்கவில்லை. மடக்கியும் ஏறிக்கொண்டிருந்தாள். கயிறுகளை ஒரு கையில் சேர்த்துப் பிடித்து, பட்டைக்கு மேலாகவே மைக்கை அமுக்கிக் கூப்பிட்டாள்.

"என்னங்க, கேக்குதா? மேகம் இழுக்குது. சுத்தி வெள்ளையா இருக்கு, ஒண்ணும் தெரியல. எந்தப் பக்கம் வெளிச்சமா இருக்கு? பாத்துச் சொல்லுங்க."

அவருக்குத் தெரிந்தது! ஆற்றுப் பக்கம் பளிச்சென்று வெயில். "ஆத்துப் பக்கம்! ஆத்துப் பக்கம் வா!" என்று பட்டனை நசுக்கிக்கொண்டு கத்தினார். பிறந்ததிலிருந்து அவர் அப்படிக் கத்தியதில்லை. டயர் கடைக்காரர் இரண்டடி பின்னால் போனார். "கேக்குதா? ஆத்துப் பக்கம்டி! வெயில் அங்கதான்!"

"கேக்குதாங்க? ஒரு வார்த்தை சொல்லுங்க. வெறும் 'ம்'மாவது சொல்லுங்க."

"ம்! ம்!" என்று கத்தினார். கண்ணில் தண்ணீர் முட்டியது. வாக்கிடாக்கியை உலுக்கினார், காரின் கூரையில் தட்டினார். ஊரில் இருக்கிற அத்தனை வார்த்தைகளும் அவர் வாயில் வந்து நின்றன, ஒன்றுகூட அவளிடம் போய்ச் சேரவில்லை.

பிறகு அவள் தனக்குத்தானே பேசினாள். அழவில்லை, அலுத்துப் போன குரல்.

"சொல்ல மாட்டாரு. அன்னைக்கும் இப்படித்தானே. பிரசவ ரூம்ல உயிர் போற மாதிரி கூப்பிட்டேன். கதவுக்குக் கீழ அவரு செருப்பு தெரியுது, ஆள் வரல. குழந்தையும் போச்சு. கதவு மூடியிருந்துது, அவருக்குக் கேட்டிருக்காதுன்னு நானே என் மனசைத் தேத்திக்கிட்டேன். சரி போ. யார் இருக்கா நமக்கு? நாமளே பாத்துப்போம்."

அதோடு கரகரவென்று ஒரு சத்தம். பிறகு குரல் இல்லை, பீப் இல்லை. பட்டன் விட்டுக்கொண்டதா, மலை மறைத்ததா, அவளே இல்லாமல் போய்விட்டாளா, எதுவும் தெரியவில்லை. "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆற்றுப் பக்கம் காரை விரட்டினார். போனில் சுடுதண்ணியின் பெயர் வந்து வந்து போனது. எடுக்க அவருக்குத் தைரியம் இல்லை. அவள் கடைசியாகப் பேசியதை அந்தச் சேனலில் இருந்த அத்தனை பேரும் கேட்டிருப்பார்கள். வெட்கமெல்லாம் அப்போது அவருக்கு இல்லை. அவள் உயிரோடு இருக்கவேண்டும், அது ஒன்றுதான்.

பாலத்தைத் தாண்டி ஓர் அறுவடை முடிந்த வயலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பீப் அடித்த அந்தக் கருவி திசையும் காட்டும், அதை நம்பி ஆறு இருக்கிற பக்கமாக மேகத்திலிருந்து வெளியே வந்திருக்கிறாள். இறங்கும்போது புயல் காற்று இறக்கையோடு சேர்த்து அவளைத் தரதரவென்று இழுத்துப் போய் வேலியில் சேர்த்திருந்தது. தாடை சிராய்ந்து ரத்தம். கையில் நடுக்கம். அவள் கை நடுங்கி அவர் பார்த்தது அன்றுதான். அவள் கனவு கண்ட தூரம் அதுதான், அந்த நினைப்பே அப்போது இருவருக்கும் இல்லை.

"ஏன் பேசல?" என்றாள்.

"உன் பட்டன் மாட்டிக்கிச்சு" என்றார். தொண்டை கட்டிப்போய்க் காற்றுதான் வந்தது.

மைக் இப்போது தோளில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இழுபட்டதில் விடுபட்டிருக்கவேண்டும். அவள் அமுக்கி "ஹலோ" என்றாள். காருக்குள் "ஹலோ" என்று கேட்டது. "நல்லாத்தானே இருக்கு" என்றாள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஓடாதே, என் தங்கம்னு காத்தைக் கொஞ்சினே. சிம் கம்பெனிக்காரன்னு திட்டினே. அது நான்தான்."

அவளுக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. அவர் முகத்தையே பார்த்தாள். "அப்போ கடைசியா சொன்னதும்?"

"எல்லாம் கேட்டுது. கத்திக் கத்திப் பதில் சொன்னேன். உனக்குத்தான் வரல."

அந்தக் கட்டிப்போன தொண்டையை அவள் நம்பினாள். வேலியில் சிக்கியிருந்த கயிறுகளை ஒவ்வொன்றாக எடுக்க ஆரம்பித்தாள். அவரும் எடுத்தார். தூரத்தில் இடி உறுமியது. அப்படியே கேட்காமல் விட்டிருந்தால் இருவருக்கும் நன்றாக இருந்திருக்கும். மனசு கேட்குமா?

"அன்னைக்கு?" என்றாள், கயிற்றைப் பார்த்தபடி. "ஆஸ்பத்திரியில நான் கூப்பிட்டது?"

கேட்கவில்லை என்று சொல்லிவிடலாம். கதவு மூடித்தான் இருந்தது. ஒரு சின்னப் பொய், அவள் பாதி நம்பி வைத்திருக்கிற பொய். ஆனால் அன்று வாயைத் திறந்த மனுஷனுக்கு மறுபடி மூடத் தெரியவில்லை.

"கேட்டுது. நர்ஸும் உள்ள வாங்கன்னு கூப்பிட்டாங்க. கால் வரல. பயந்துட்டேன்."

அவள் இறக்கையை மூட்டையாகச் சுருட்டிக் கட்டினாள். கட்டி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"கேக்கலைன்னு நெனச்சுத்தான் இத்தனை வருஷம் உங்களோட இருந்தேன்."

எப்போதும் முன் சீட்டில் உட்காருகிறவள், மூட்டையோடு பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மழை பிடித்துக்கொண்டது. வாழ்நாளெல்லாம் முதுகுக்குப் பின்னால் ஊரையே ஏற்றிக்கொண்டு ஓட்டியவருக்கு, பின்னால் இருந்த அந்த ஒரு ஆளை நிமிர்ந்து கண்ணாடியில் பார்க்க முடியவில்லை. வைப்பர் ஆடிக்கொண்டிருந்தும் ரோடு கலங்கலாகவே தெரிந்தது.

"முன்னாடி லாரி வருது" என்றாள் அவள் பின்னாலிருந்து. "அழுகையை வீட்டுக்குப் போய் வெச்சுக்கலாம், ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."