அம்சவேணி பேசிய படங்கள்

பாலசுப்ரமணியம் டெல்லிக்கு வந்தது 1981இல். வயது இருபத்து மூன்று. ஊர் அம்பாசமுத்திரம். லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. இந்தி ஒரு வார்த்தை தெரியாது. அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தால் இவரும் சிரிப்பார், அரை நொடி தாமதமாக.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அறைத்தோழர் கௌதமன் அவரைக் காலைக் காட்சிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஹாங்காங் படம். சீன மொழியில் பேசினார்கள். அடியில் ஆங்கில எழுத்து ஓடியது; அதில் பாதி திரைக்கு வெளியே விழுந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை. ஒரு கிழவர் கையில் ஏணியோடு எட்டுப் பேரை அடித்தார். பஞ்சாபிக்காரரும் பீகார்க்காரரும் பாலசுப்ரமணியமும் ஒரே நேரத்தில் விசிலடித்தார்கள். டெல்லியில் அவர் தாமதிக்காத முதல் இடம் அந்தத் தியேட்டர்தான்.

அதற்குப் பிறகு விடவில்லை. படத்தின் பெயர்கள் மனதில் நிற்காது. சண்டையை வைத்துப் பெயர் கொடுப்பார்: ஏணிப் படம், முக்காலிப் படம், மழையில் குடைப் படம். குங்ஃபூவில் நாரைக் கை எது, புலிக் கை எது என்று பார்த்தவுடன் சொல்வார். ஆனால் வித்தை ஒன்றும் கற்கவில்லை. ஒரு நாள் வகுப்புக்குப் போனார். இடுப்பு பிடித்துக்கொண்டு ஒரு வாரம் மருத்துவ விடுப்பில் இருந்தார். விடுப்பு விண்ணப்பத்தில் காரணம் ‘வீழ்ச்சி’ என்று எழுதினார். குடியிருப்புப் பையன்கள் ‘கராத்தே அங்கிள்’ என்று கூப்பிடும்போது மட்டும் கோபம் வரும். கராத்தே ஜப்பான், இது சீனா என்று நிறுத்தி வைத்து விளக்குவார். அவர்கள் அடுத்த நாளும் அப்படியே கூப்பிடுவார்கள்.

1986இல் அம்சவேணியைக் கட்டிக்கொண்டு லக்ஷ்மிபாய் நகரில் இரண்டறைக் குவார்ட்டர்ஸுக்குக் குடிபோனார். அம்சவேணிக்குக் கல்லிடைக்குறிச்சி. பகல் முழுதும் பேச ஆள் கிடையாது. காய்கறி வண்டிக்காரனிடம் விரலால் பேசினாள். கௌதமனின் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய வீடியோ டெக் ஒன்று பாலசுப்ரமணியம் கைக்கு வந்தது. இன்னொரு டெக்கையும் வாடகைக்கு எடுத்து, வாடகை கேசட்டுகளிலிருந்து படங்களைப் பிரதி எடுத்தார். மனைவியையும் உட்கார வைத்தார். அவள் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

“என்ன பேசுதாங்கன்னே தெரியல. நான் யார்ட்ட போய் கேக்க?”

அந்த டெக்கில் மைக்கைச் செருகினால் படத்தின் மேல் நம் குரலைப் பதியலாம். அவர் ஆங்கில எழுத்தைப் படித்து, அது புரியாத இடத்தில் கதையைத் தானே கட்டி, தமிழில் பேசிப் பதிந்தார். ஹாங்காங் வில்லன் நெல்லைத் தமிழில் பேசினான்: “ஏல, எங்க வாத்தியார அடிச்சது நீதானா? வாடே வெளிய.” கதாநாயகிக்கும் அவரே மெல்லிய குரலில் பேசினார். அம்சவேணிக்குப் பொறுக்கவில்லை.

“பொம்பளப் பிள்ள இப்படியா பேசும்? தள்ளுங்க, நான் பேசுதேன்.”

அப்படித்தான் தொடங்கியது. குளிர்கால ஞாயிறுகளில் மட்டும். அப்போதுதான் மின்விசிறியை நிறுத்த முடியும். ஜன்னலைச் சாத்துவார்கள். மைக்கில் பேசினால் பழைய சத்தம் போய்விடும் என்பதால் அடி உதை எல்லாவற்றையும் தாங்களே செய்ய வேண்டியிருந்தது. தலையணையில் குத்தினால் வயிற்றில் அடி. பூரிக்கட்டை இரண்டை மோதினால் கம்புச் சண்டை. ஈரத் துண்டைச் சுழற்றினால் பறந்து வரும் ஆள். கதாநாயகிகள், கிழவிகள், ஒரு தடவை ஒரு மொட்டைச் சாமியார் எல்லாம் அம்சவேணி. மூன்று குளிர்காலத்தில் இருபத்து மூன்று படங்கள். பிறகு மானசா பிறந்தாள். குழந்தை தூங்கினால் சத்தம் கூடாது. விழித்திருந்தால் பதிவு நடக்காது. கேசட்டுகள் அலமாரிக்குப் போயின. டெக் பழுதாயிற்று. மகளுக்கு அந்தப் படங்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

பாலசுப்ரமணியம் ஓய்வு பெற்ற மறு வருடம் அம்சவேணி இறந்தாள். அவர் மயூர் விஹாரில் வாடகை வீட்டில் தனியாக இருந்தார். மனைவியின் புகைப்படங்கள் நிறைய இருந்தன. குரல் எங்கும் இல்லை, அந்தக் கேசட்டுகளைத் தவிர.

2023இல் மானசா அவற்றைப் பார்த்தாள். குர்கானில் ஒரு கம்பெனியில் டேட்டா ஸ்டோரேஜ் வேலை. பூஞ்சை பிடித்திருக்கிறது, விட்டால் போய்விடும், நான் மாற்றித் தருகிறேன் என்று எடுத்துப் போனாள். அவர் அப்போதும் சொல்லவில்லை. அவளே கேட்கட்டும் என்று வைத்திருந்தார். முதல் கேசட்டைப் போட்டவுடன் போன் செய்வாள், அப்பா இது அம்மாவா என்று கேட்பாள், சிரிப்பாள். அதற்குச் சொல்ல வேண்டிய பதிலைக்கூடத் தயார் செய்தாராம். பாலசுப்ரமணியத்தின் பதினாறாம் நாள் காரியத்தன்று கௌதமன் சொன்னது இது. இதற்குப் பிறகு வருவதும் அவர் சொன்னதுதான்.

ஆறு வாரம் போன் வந்தது. வேலை எப்படிப் போகிறது என்று மானசா சொன்னாள். குரலைப் பற்றி ஒன்றும் இல்லை. ஏழாம் வாரம் ஒரு பென் டிரைவோடு வந்தாள். டி.வி.யில் செருகிக் காட்டினாள். படம் பளிச்சென்று இருந்தது. சீன மொழி சுத்தமாகக் கேட்டது.

“குவாலிட்டி எப்படிப்பா?”

நன்றாக இருக்கிறது என்றார். கேசட் எங்கே என்று கேட்டார். பூஞ்சை மற்றதற்கும் பரவும் என்று பழைய சாமான் எடுக்கும் கபாடிக்காரரிடம் போட்டுவிட்டதாகச் சொன்னாள்.

அவள் போன பிறகு ஒவ்வொரு படமாக ஓட்டினார். ஏணிப் படம், முக்காலிப் படம். எல்லாம் சீன மொழி. மறுநாள் பஸ் பிடித்து கௌதமனிடம் போனார். கௌதமனுக்கு இந்த விஷயம் கொஞ்சம் தெரியும். டேப்பில் சத்தம் இரண்டு இடத்தில் இருக்கிறது. படத்தோடு கலந்து பதிவது ஒன்று. ஓரத்தில் மெல்லிய கோடாக ஓடுவது இன்னொன்று. பின்னால் மைக்கில் பேசியது ஓரத்தில்தான் விழும். வீட்டு டெக்கில் ஓரச் சத்தத்தைக் கேட்கும்படி அந்தக் காலத்திலேயே பொத்தானைத் திருப்பி வைத்திருந்தார்கள். மானசா போட்ட டெக், இரண்டு சத்தத்தில் தெளிவானதை எடுத்தது. அவளும் தெளிவானதைத்தான் விரும்புவாள்.

“கூப்பிட்டுச் சொல்லும்வே” என்றார் கௌதமன்.

“சொல்லி? அம்மா பேசினத நீ தூக்கிப் போட்டுட்டன்னா? அந்தப் பிள்ள தாங்குமா?”

மகளுக்குத் தெரியாமல் குர்கானுக்கு மெட்ரோவில் போய், அவள் குடியிருப்பு வாசலில் விசாரித்துக் கபாடிக்காரரைப் பிடித்தார். கேசட்டா, அது நசுங்கிப் போய் எத்தனையோ நாளாயிற்று பாபுஜி என்றார் அவர். டீ வாங்கிக் கொடுத்தார். பாலசுப்ரமணியம் குடித்துவிட்டுத் திரும்பினார். மானசாவின் அலுவலகம் அங்கிருந்து பத்து நிமிட நடை. போகவில்லை.

இருபத்து மூன்று படங்களையும் முதலிலிருந்து பார்த்தார். தினம் ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. பதினாலாம் நாள் குடைப் படம். நாற்பத்தோராவது நிமிடத்தில் டேப் சுருங்கிப்போன இடம் வந்தது. படம் நடுங்கியது. கதாநாயகி வில்லனின் வீட்டுக்குள் நுழைகிறாள். சீன மொழி அறுந்தது. இரைச்சல். இரைச்சலுக்குள் அம்சவேணி.

“எங்கய்யாவ எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க? சொல்லுங்கல. இல்லன்னா ஒருத்தனும் வீட்டுக்குப் போமாட்டீங்க.” தலையணையில் ஒரு குத்து. பிறகு குரலைத் தாழ்த்தி: “ஏங்க, அடுப்புல பருப்பு. விசில் வந்துரும்.”

மறுபடியும் சீன மொழி.

நல்ல சத்தம் கெட்டுப்போன இடத்தில் மானசா போட்ட டெக் தானாகவே ஓரச் சத்தத்துக்குத் தாவியிருக்கிறது. பதினோரு விநாடி. மீதி ஒன்பது படங்களையும் அன்றே வேகமாக ஓட்டி, படம் நடுங்கும் இடத்தைத் தேடினார். வேறெங்கும் டேப் கெட்டிருக்கவில்லை.

அன்று மாலை மகளுக்குப் போன் செய்தார். சொல்லிவிடுவது என்றுதான் எடுத்தார்.

“பதினாலாவது படத்துல ஒரு இடத்துல சத்தம் மாறுதும்மா.”

“ஓ, அதுவாப்பா. அங்க டேப் கராப். சவுண்ட் கிராஃப்ல பாத்தேன், போட்டுக் கேக்கல. ஸாரிப்பா, இத்தனை பண்ணி அத மட்டும் விட்டுட்டேன். நெட்ல கிளீன் பிரிண்ட் இருக்கு. சண்டே வந்து மாத்திடறேன்.”

“வேண்டாம்.”

“அஞ்சு நிமிஷ வேலைப்பா.”

“இருக்கட்டும்மா. அது பாட்டுக்கு இருக்கட்டும்.”

ஏன் என்று கேட்டாள். பழகிவிட்டது என்றார். அவள் சிரித்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். மானசா ஞாயிறுதோறும் வருவாள். கை சும்மா இருக்காது. ரூட்டரை மாற்றுவாள், போனைச் சுத்தம் செய்வாள், குழாயை இறுக்குவாள். பாலசுப்ரமணியம் மெட்ரோ நிலையத்திலிருந்து அவள் போன் வந்ததும் எழுந்துபோய், டி.வி.யின் பின்னாலிருந்து பென் டிரைவை உருவிச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொள்வார். படம் பாக்கறதே இல்லையாப்பா என்று அவள் கேட்பாள். கண் வலிக்கிறது என்பார். அவளுக்குத் தட்டு வைப்பார், குழம்பு ஊற்றுவார், குனியும்போது ஒரு கை பையின் மேல் இருக்கும். ஐந்து மணிக்கு அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, மூன்று மாடி ஏறி வந்து, மறுபடியும் செருகுவார்.